அரங்கில்லாத வட்டு

கீழடி அருங்காட்சியகத்துக்கு முதல் முறை போனபோது, எல்லோரையும் போல நானும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, மற்ற பேழைகளைப் பார்வையாலேயே கடந்து வந்துவிட்டேன். இரண்டாம் முறை அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். அத்தை திருப்புவனத்தில் பிறந்தவர்; எழுபதைத் தாண்டியவர். எழுத்துப் பொறித்த ஓடுகள் அவரை அவ்வளவாக நிறுத்தவில்லை. அவரை நிறுத்தியது, ஒப்பனையோ எழுத்தோ எதுவும் இல்லாமல் காசு போல வட்டமாக இருந்த பானையோட்டுத் துண்டுகளின் கூட்டம்தான். கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, இத விளையாடுறதுக்குன்னா போட்டிருக்கு? நாங்க ஓட்டுச்சில்ல பொறுக்குவோம், எறிவோம், அம்புட்டுதான். உக்காந்து இப்பிடி வட்டமா தேச்சது யாரு? அதுக்கு ஏது நேரம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. கடந்த சில வாரங்களாக நான் செய்த சோதனைகளும், சென்றடைந்த அரைகுறை முடிவுகளும்தான் இந்தப் பதிவு. நான் தொல்லியல் படித்தவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொருளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். தொல்லியலார் இதை வட்டச்சில்லு என்கிறார்கள். குயவர் சக்கரத்தில் வனைந்து சூளையில் சுட்ட பொருள் அன்று இது. சமைத்தோ, தண்ணீர் வைத்தோ, தானியம் கொட்டியோ பயன்பட்டு உடைந்துபோன ஒரு பானையின் துண்டை யாரோ எடுத்து, ஓரங்களைத் தட்டி, பிறகு கல்லில் தேய்த்து வட்டமாக்கியிருக்கிறார்கள். ஆகவே இதைச் செய்வதற்குத் தொழில் தெரிந்தவர் யாரும் தேவையில்லை. வீட்டில் இருப்பவர் எவரும் செய்யலாம். சில துண்டுகள் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிறியவை. சில உள்ளங்கையை நிறைப்பவை. சிலவற்றின் விளிம்பு விரலால் தடவினால் வழுக்கும் என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரிகிறது. வேறு சில வெறுமனே தட்டிவிடப்பட்டவை, பல் பல்லாக இருக்கின்றன. ஒரு புறம் கறுப்பும் மறுபுறம் சிவப்புமாக இருப்பவையும் உண்டு. அவை கறுப்பு-சிவப்புப் பானையின் வயிற்றிலிருந்து வந்தவை என்று சொல்ல நிபுணர் யாரும் வேண்டியதில்லை.

எண்ணிக்கையைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2017-18ஆம் ஆண்டில் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த தொல்பொருள்கள் மொத்தம் 5,820. அவற்றில் வட்டச்சில்லுகள் மட்டும் 601. அதாவது, மண்ணிலிருந்து எடுத்துப் பதிவுசெய்த பத்துப் பொருள்களில் ஒன்று இந்த வட்டத் துண்டு. அந்தக் கட்டத்தில் எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன. அவற்றைப் பற்றி எழுதப்பட்டதை அடுக்கினால் ஓர் அறை நிறையும். பத்து மடங்குக்கும் மேலாகக் கிடைத்த சில்லுகளுக்கு 'விளையாட்டுப் பொருள்' என்ற ஒரு சொல்லோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஆங்கில அறிக்கைகளில் இதற்கு 'ஹாப்ஸ்காட்ச்' என்று பெயர். ஹாப்ஸ்காட்ச் என்பது கட்டம் கீறி நொண்டியடிக்கும் ஆட்டத்தின் பெயர். எறியும் சில்லின் பெயர் அன்று. ஆட்டத்தின் பெயரையே பொருளுக்கு வைத்துவிட்ட பிறகு, அந்தப் பொருள் எதற்கு என்று கேட்கவே இடமில்லாமல் போகிறது. தமிழில் வைத்த பெயர் எவ்வளவோ மேல்: வட்டமாக இருக்கிறது, சில்லாக இருக்கிறது, அதற்கு மேல் அந்தப் பெயர் எதையும் அடித்துச் சொல்லவில்லை.

விளையாட்டு என்று சொல்பவர்களுக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் இலக்கியத்தில் வட்டாட்டம் உண்டு. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று தொடங்கும் 401ஆம் குறள், நிரம்பிய நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவதை, கட்டம் கீறாமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறது. உவமையாகச் சொல்லும் அளவுக்கு அந்த ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்திருக்கிறது. நற்றிணையின் மூன்றாம் பாட்டு இன்னும் அருகில் கொண்டுபோய்க் காட்டுகிறது. பொரிந்த அடிமரத்தையுடைய வேம்பின் புள்ளி நிழலில், பொன் உரைக்கும் கட்டளைக் கல்லைப் போல அரங்கு கீறி, கல்லாச் சிறுவர்கள் 'நெல்லி வட்டு ஆடும்' சிற்றூர் அதில் வருகிறது. வேப்பமரத்து நிழல் புள்ளி புள்ளியாகத் தரையில் விழுவதும், அதில் பையன்கள் கோடு கிழிப்பதும் திருப்புவனம் பக்கம் இன்றும் காணக்கூடிய காட்சிதான்.

ஆனால் அந்தப் பாட்டை மெதுவாகப் படித்தால் ஒரு சிக்கல் முளைக்கிறது. அந்தச் சிறுவர்கள் ஆடுவது நெல்லிக்காயை வைத்து. நெல்லிக்காய் உருண்டை, தட்டை அன்று. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் வட்டாடல் என்பதற்கு 'உண்டை யுருட்டல்' என்றே பொருள் எழுதி, இதே நற்றிணை அடிகளைச் சான்றாகக் காட்டுகிறார். ஆகவே நூல்களில் வருகிற வட்டு, நாம் கோலிக்குண்டு என்று சொல்வதற்கு நெருக்கமானதாக இருக்கக்கூடும். கீழடியில் கிடைத்த தட்டை வட்டத்தையும் பாட்டில் வரும் வட்டையும் ஒரே சொல் என்பதற்காக ஒரே பொருளாக்கிவிட முடியாது. அரங்கு வேண்டும் என்பது மட்டும் உறுதி. மண்ணில் கீறிய அரங்கோ அடுத்த மழைக்குத் தாங்காது. வள்ளுவர் எதை ஆகாதென்று சொன்னாரோ, அதைத்தான் அந்தக் கண்ணாடிப் பேழை செய்துகொண்டிருக்கிறது.

நூல்களால் இதற்கு மேல் நகர முடியவில்லை. எனவே செய்துபார்ப்பது என்று முடிவெடுத்தேன். வீட்டில் விரிசல் விட்டுக் கொல்லையில் கிடந்த மீன்குழம்புச் சட்டி ஒன்று இருந்தது. ஏழு மில்லிமீட்டர் கனம். அதை உடைத்து, நல்ல துண்டுகளாகப் பொறுக்கி, முதலில் ஒரு கூழாங்கல்லால் ஓரத்தைத் தட்டினேன். தட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓங்கி அடித்தால் துண்டு நடுவில் பிளக்கும். ஓரத்தைச் சற்றே சாய்த்துப் பிடித்து, கொறிப்பது போலச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான்கு துண்டுகள் போய்விட்டன. வட்டம் என்று சொல்லத்தக்க வடிவம் வந்ததும், துவைகல்லில் தண்ணீர் தெளித்துத் தேய்க்கத் தொடங்கினேன். செம்மண் குழம்பாக நீர் ஓடியது. ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சில்லைத் தட்ட ஏறத்தாழப் பத்து நிமிடமும், விளிம்பு முழுவதும் வழுவழுப்பாகும்வரை தேய்க்க அரைமணிக்குச் சற்றுக் குறைவாகவும் ஆயிற்று. சிறிய சில்லு எளிது என்று நினைத்தது தவறு. மூன்று சென்டிமீட்டர் சில்லைப் பிடிக்க இடமில்லாததால், ஓட்டோடு சேர்த்து என் விரல் நுனியும் தேய்ந்தது. துவைகல் சிவந்துவிட்டது என்று அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

மூன்று, நான்கு, ஐந்து, ஆறரை, எட்டு சென்டிமீட்டர் என ஐந்து சில்லுகள் தேறின. சமையலறைத் தராசில் வைத்தால் மிகச் சிறியது 9 கிராம், நடுவிலுள்ளது 27 கிராம், மிகப் பெரியது 68 கிராம். கையில் வைத்துப் பார்த்தபோதுதான், அருங்காட்சியகத்தில் மேலிருந்து பார்த்தபோது தெரியாத ஒன்று தெரிந்தது. சில்லு தட்டையாக இல்லை. பானையின் வயிறு வளைந்தது. அதன் துண்டும் வளைந்தே இருக்கிறது. குழிந்த பக்கம் கீழே இருந்தால் தரையைக் கவ்வி நிற்கிறது. குவிந்த பக்கம் கீழே இருந்தால் ஆடுகிறது, சுண்டிவிட்டால் பம்பரம் போலச் சுற்றுகிறது. இந்த வளைவு சின்ன விஷயமாகத் தோன்றினாலும், சில்லு எதற்கு என்று கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் அது குறுக்கே வந்து நின்றது.

முதலில் பாண்டி, அதாவது கட்டம் கீறிச் சில்லெறிந்து நொண்டியடிக்கும் ஆட்டம். அக்கா மகளுக்கு ஒன்பது வயது. மொட்டைமாடியில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, தேய்த்த சில்லையும் தேய்க்காமல் உடைத்தபடியே விட்ட ஓட்டுத் துண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். எறிவதற்குத் தேய்க்காத துண்டே நல்லது என்று அவள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். தேய்த்த சில்லு சிமெண்டுத் தரையில் துள்ளி உருண்டு கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. பல்லுப் பல்லாக இருக்கும் துண்டோ விழுந்த இடத்தில் விழுந்தபடி கிடக்கிறது. அத்தை சொன்னது சரி என்று ஆகிவிட்டது: எறிவதற்கு மட்டும் என்றால் தேய்க்கத் தேவையே இல்லை, தேய்த்தால் கெடுதல்கூட.

ஆனால் மறுநாள் கீழே மண்தரையில் ஆடியபோது கதை மாறியது. மண்ணில் எந்தச் சில்லும் துள்ளுவதில்லை. அங்கே வேறுபாடு வந்தது எத்தும்போது. நொண்டியடித்துக்கொண்டே காலால் சில்லைக் கட்டத்திலிருந்து கட்டத்துக்குத் தள்ளும் ஆட்டத்தில், உடைத்தபடி விட்ட துண்டு மண்ணைக் கீறிக்கொண்டு நின்றுவிடுகிறது, வெறுங்காலையும் குத்துகிறது. தேய்த்த சில்லு குவிந்த பக்கம் கீழாக விழுந்திருந்தால் படகு போல வழுக்கிக்கொண்டு போகிறது. கண்ணை மூடி, நெற்றியில் சில்லை ஏற்றிக்கொண்டு "ரைட்டா, ரைட்டா" என்று கேட்டபடி கட்டம் கட்டமாக நடக்கும் சுற்றிலும் வளைந்த சில்லு நெற்றியோடு ஒட்டி நிற்கிறது. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "எத்துற ஆட்டத்துக்குச் சீம ஓட்டுல கொஞ்சம் தேச்சுக்குவோம்தான், மறந்தே போச்சு" என்றார். அருங்காட்சியகத்தில் சொன்னதை இவ்வளவு எளிதாக மாற்றிக்கொண்டாரே என்று இருந்தது. ஆனால் அறுபது ஆண்டுக்கு முந்திய விளையாட்டை ஒருவர் நினைவுகூரும் விதமே அப்படித்தான். ஒரு சான்றை ஒரே முறை கேட்டுவிட்டு எழுதிவிடக் கூடாது என்பதற்கு எனக்குக் கிடைத்த பாடமும் அதுதான்.

பாண்டி ஐந்து, ஆறு சென்டிமீட்டர் சில்லுகளுக்குப் பொருந்துகிறது. மூன்று சென்டிமீட்டரை எத்தவும் முடியாது. எட்டு சென்டிமீட்டரைத் தள்ளினால் குழந்தையின் கால் நோகும். இந்த அளவு வேறுபாட்டுக்கு இன்னொரு விளையாட்டு விடை தருகிறது. சிந்துவெளிக் களங்களிலும் இதே போலத் தேய்த்த ஓட்டு வட்டங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பந்தால் அடித்துக் கலைக்கும் ஆட்டத்தின் காய்களாக ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். வடக்கே அதைப் பிட்டு என்பார்கள்; நம் பக்கத்தில் ஏழு கல். அடியில் பெரியதும் மேலே போகப் போகச் சிறியதும் வேண்டும் என்பதால், ஒரே வீட்டில் பல அளவில் சில்லுகள் இருப்பது இயல்பாகிவிடுகிறது. என் ஐந்தையும் அடுக்கிப் பார்த்தேன். ஒரே சட்டியிலிருந்து வந்தவை என்பதால், தட்டுகளை அடுக்கியது போல ஒன்றின் குழியில் மற்றொன்றின் வயிறு அமர்ந்து, தள்ளினாலும் எளிதில் சரியாத கோபுரமாக நின்றது. வேறொரு பானையின் துண்டை நடுவில் செருகியதும் ஆட்டம் கண்டுவிட்டது. ஆகவே ஒரே பானையிலிருந்து செய்த சில்லுகள் ஒரே இடத்தில் கூட்டமாகக் கிடைத்தால், இந்தக் கருத்துக்கு வலு சேரும்.

இதுவரை விளையாட்டு. வேலைக்கு வந்தால், எல்லோரும் முதலில் சொல்வது தக்களி. நூல் நூற்கும் கதிரின் அடியில் எடைக்காகக் கோக்கும் வட்டு அது. கீழடியில் தக்களி வட்டுகளும் எலும்பால் செய்த கூர்முனைக் கருவிகளும் கிடைத்து, நெசவு நடந்த ஊர் என்று சொல்ல இடம் தந்திருக்கின்றன. பானையோட்டை வட்டமாக்கி நடுவில் துளையிட்டுத் தக்களி வட்டாகப் பயன்படுத்துவது உலகில் பல இடங்களில் இருந்த வழக்கம். அப்படியானால் துளையில்லாத சில்லுகள் எல்லாம், துளையிடுவதற்கு முன்னால் நின்றுபோன அரைவேலைகளாக இருக்கலாமே என்று நான் நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவே நினைத்தேன்.

அதையும் செய்துபார்த்தேன். நான்கு சென்டிமீட்டர் சில்லை எடுத்து, ஆணியைச் சுழற்றி இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்தேன். ஒரு பக்கமாகவே குடைந்தால் மறுபுறம் பெயர்ந்துவிடும் என்பதால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் குடைய வேண்டும். அதனால் துளை உடுக்கை போல நடுவில் குறுகியிருக்கும். முக்கால் மணி நேரம் குடைந்த பிறகு சில்லு சரிபாதியாகப் பிளந்தது. ஆறரை சென்டிமீட்டர் சில்லுக்கும் அதே கதி. இரண்டு பிளவுகளையும் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அத்தை, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "மொதல்ல ஓட்டயப் போட்டுட்டுல்ல தேய்க்கணும்? ஒடஞ்சா வெறும் ஓடுதான போகும், தேச்ச பாடு மிஞ்சும்ல" என்றார்.

நான் இரண்டு நாள் யோசித்தும் எட்டாத இடம் அது. துளையிடுவதில்தான் உடையும் ஆபத்து. தேய்ப்பதில் போவது நேரம் மட்டும். கைவேலை தெரிந்த எவரும் ஆபத்தான வேலையை முதலில் முடித்துவிட்டு, துளை தப்பிப் பிழைத்த பிறகே, அதை நடுவாக வைத்து வட்டத்தைத் தேய்ப்பார். நடுப்புள்ளி தேடும் சிரமமும் இல்லை. துளையைச் சுற்றித் தேய்த்தால் அது தானே நடுவாகிவிடும். அடுத்த துண்டை அப்படியே செய்தேன். மூன்றாவது முயற்சியில் துளை நின்றது, பிறகு தேய்த்ததும் ஒழுங்காக வந்தது. மூங்கில் குச்சி ஒன்றில் செருகிச் சுழற்றினால் சீராகவே சுற்றியது. இதை வைத்துப் பார்த்தால், விளிம்பு வழுவழுப்பாகத் தேய்த்து, துளை மட்டும் இல்லாமல் இருக்கும் சில்லை முடியாத தக்களி என்று சொல்வது கடினம். தட்டிய நிலையில் நின்றுபோன கரடுமுரடான சில்லுகளுக்கு அந்த வாய்ப்பு இன்னும் இருக்கிறது.

மூடி என்ற கருத்து எனக்குப் பிடித்தது. ஆனால் சோதனையில் பாதிதான் தேறியது. எட்டு சென்டிமீட்டர் சில்லு, உப்புச் சாடியின் வாயில் குழிந்த பக்கம் கீழாக அழகாக உட்கார்ந்தது. நடுவே ஒரு துணியை வைத்தால் எறும்பும் போகாது. ஆனால் ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள சில்லால் மூட வேண்டுமானால் எண்ணெய்க் குப்பி போன்ற மிகக் குறுகிய வாய் வேண்டும்; அதற்குத் துணித் திரியோ மரத்தக்கையோ போதும், அரைமணி நேரம் உட்கார்ந்து தேய்க்க யாருக்கும் மனம் வராது. எடைக்கல் என்று ஒரு கருத்து உண்டு. எல்லாச் சில்லுகளையும் நிறுத்துப் பார்த்து, எடைகள் குறிப்பிட்ட சில அளவுகளில் கூடி நிற்கின்றனவா என்று பார்த்தாலே அது நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும். நம்பி வாங்க வேண்டிய எடைக்கல்லை ஆளுக்கு ஆள் வீட்டில் தேய்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பச்சைப் பானையின் உட்புறத்தை வழித்து மழுக்கக் குயவர்கள் ஓட்டுத் துண்டைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அப்படி வழித்த துண்டில் ஒரு பக்க விளிம்புதான் அதிகம் தேய்ந்திருக்கும்; சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருக்காது.

அத்தையின் கருத்து வேறு. ஐந்து சென்டிமீட்டர் சில்லைக் குளியலறைக்கு எடுத்துப் போனவர், திரும்பக் கொண்டுவரவில்லை. குதிகால் வெடிப்பைத் தேய்க்க இதைவிட நல்ல கல் கடையில் கிடைக்காதாம். செங்கல் துண்டால் குதிகால் தேய்க்காத வீடு நம் பக்கத்தில் ஏது? வட இந்தியத் தொன்மைக் களங்களில் உடம்பு தேய்க்கும் சுடுமண் தேய்ப்பான்களே கிடைத்திருக்கின்றன. ஆனால் அவற்றின் முகத்தில் கீறல்கள் இட்டுச் சொரசொரப்பாக்கியிருப்பார்கள். கீழடிச் சில்லில் அப்படி எதையும் நான் காணவில்லை. தேய்க்கிற பொருளுக்குத் தேய்ந்த முகம் வேண்டும், விளிம்பு அன்று என்றேன். "ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு ஓட்ட" என்று முடித்துவிட்டார்.

இதே போன்ற பொருளை வைத்துக்கொண்டு விழித்த இன்னோர் அருங்காட்சியகத்தின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஃபிஷ்போர்ன் என்ற ஊரில் ரோமர் காலத்து மாளிகை ஒன்று இருக்கிறது. அங்கே 1960களில் நடந்த அகழாய்வில், ஓட்டைத் தட்டி வட்டமாக்கிய துண்டுகள் கிடைத்தன. விளையாட்டுக் காய்கள் என்ற பெயரில் அவை பல ஆண்டுகள் அங்கே இருந்தன. 2012இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மலம் கழித்த பின் துடைத்துக்கொள்ளக் கிரேக்கரும் ரோமரும் கூழாங்கல்லையும் வட்டமாக்கிய ஓட்டுத் துண்டையும் பயன்படுத்தினார்கள் என்பதே அதன் பொருள். துடைக்க மூன்று கல் போதும் என்று கிரேக்கத்தில் பழமொழியே உண்டு. அதைப் படித்த பிறகு, ஃபிஷ்போர்ன் அருங்காட்சியகத்தின் காப்பாளர் தங்கள் விளையாட்டுக் காய்களும் அப்படித்தானோ என்று வெளிப்படையாகவே கேட்டார். பல ஆண்டுகளாக அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்து வைத்து ஆராய்ந்தவர்களின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

உடனே, கீழடிச் சில்லும் அதற்குத்தான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பக்கத்தில் வைகை, ஊருக்குள் உறைகிணறு என்று தண்ணீரோடு வாழ்ந்த ஊர் அது. அதற்காக ஓட்டைத் தேய்க்க வேண்டிய தேவை அங்கே இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஃபிஷ்போர்ன் கதையில் நான் எடுத்துக்கொண்டது வேறு. அங்கே துண்டுகள் மாறவில்லை. அவற்றைப் பற்றிய முடிவு மாறியது. அதுவும் துண்டுகளை மீண்டும் உற்றுப் பார்த்ததால் அன்று, வேறெங்கோ இருந்த ஒரு செய்தி வந்து பக்கத்தில் நின்றதால். விளையாட்டுக் காய் என்ற பெயர், வேறொன்றும் தோன்றாதபோது வைத்த பெயராக இருந்திருக்கிறது. நம் பெயரும் அப்படி வைத்ததுதானோ என்ற ஐயம்தான் எனக்கு. கீழடியிலேயே அந்த நான்காம் கட்டத்தில் 80 ஆட்டக்காய்கள் தனியே கிடைத்தன, பகடையும் கிடைத்தது. காய் என்றே பார்த்துப் பார்த்துச் செய்த பொருள்கள் அவை. கட்டத்தில் நகர்த்தும் காய்க்கு அவை இருக்க, ஓட்டுத் துண்டு அதே வேலைக்கு எதற்கு என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது: வீட்டில் காய் தொலைந்துபோனால் புளியங்கொட்டையை வைத்து ஆடுகிறோமே, அது போல. மிகச் சிறிய சில்லுகளுக்கு அந்தப் பதில் போதும் என்று நினைக்கிறேன்.

ஆக, என் எண்ணம் இவ்வளவுதான். வட்டச்சில்லு என்று ஒரே பெயரில் எண்ணப்பட்ட 601 பொருள்களும் ஒரே வேலைக்கானவை அல்ல. ஐந்தாறு சென்டிமீட்டர் அளவில், சுற்றிலும் தேய்த்தவை எத்தி ஆடும் சில்லாக இருக்கலாம், பெரியவை மூடியாகவோ அடுக்கும் ஆட்டத்தின் அடிக்கல்லாகவோ இருக்கலாம், சிறியவை காய், தட்டி மட்டும் விட்டவற்றில் சில, தக்களியாகாமல் நின்றவை. ஒரே சில்லே காலையில் மூடியாகவும் மாலையில் சில்லாகவும் இருந்திருக்கலாம். என் வீட்டில் இந்தச் சில வாரங்களில் நடந்ததும் அதுதானே. இவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால் விட்டம், கனம், எடை, விளிம்பின் தேய்வு, எந்தக் குழியில் எந்த ஆழத்தில் எதன் பக்கத்தில் கிடைத்தது என்ற விவரம் எல்லாம் ஒன்றாக வேண்டும். அடுப்பின் அருகில் கிடைத்த ஒன்றும், குப்பைக் குழியில் கிடைத்த ஒன்றும், தரைத்தளத்தில் ஏழெட்டாகக் குவிந்து கிடைத்தவையும் ஒரே பேழையில் அளவு வாரியாக வரிசை கட்டி நிற்கும்போது கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. கேள்வி கேட்பவனுக்குத்தான் கையில் பிடி கிடைப்பதில்லை.

அடுத்த மாதம் மூன்றாம் முறையாகப் போகலாம் என்றிருக்கிறேன். இந்த முறை ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கப் போகிறேன்: குவிந்த பக்கத்தின் நடுவில் தேய்வு இருக்கிறதா என்று. மண்ணில் எத்தி ஆடிய சில்லுக்கு அந்த இடம்தான் முதலில் தேயும். அக்கா மகளின் சில்லு பதினைந்து நாள் ஆட்டத்துக்குப் பிறகு வயிற்றில் சட்டியின் கரி நிறம் போய், ஒரு புளியங்கொட்டை அகலத்துக்குச் செங்கல் நிறம் தெரிகிறது. பேழைகளில் பல சில்லுகள் குழிந்த பக்கம் மேலாகவா, குவிந்த பக்கம் மேலாகவா வைக்கப்பட்டிருந்தன என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அத்தையைக் கேட்டேன். "குப்புறத்தான் கெடந்துச்சு" என்கிறார். எத்துற ஆட்டத்தை மறந்தவர் சொல்வதாயிற்றே, போய்த்தான் பார்க்க வேண்டும்.